அடுப்பும் அண்டாவும்

அன்புள்ள கயல்விழிக்கு,

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னதாகவே பிள்ளையோடு மாமியார் வீட்டுக்குப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆனாலும் தீக்காய வார்டில் 22 வருஷம் நர்ஸாக இருந்தவள் நான், மனசு கேட்கவில்லை.

தீபாவளி என்றால் எல்லோருக்கும் பட்டாசுப் பயம். எனக்கோ பலகாரம் சுடும் முந்தின நாளை நினைத்தால்தான் பயம். முறுக்குச் சுட அடுப்பைத் தரையில் வைப்பார்கள். இறக்கி வைத்த எண்ணெய்ச் சட்டியில், பின்னாலேயே நடந்துபோய் உட்கார்ந்துவிட்ட ஒன்றரை வயதுப் பிள்ளையை இந்தக் கையால் தூக்கியிருக்கிறேன். விடியற்காலையில் கங்கா ஸ்நானத்துக்கு அண்டா நிறைய வெந்நீர் கொதிக்கும். நமக்குத் தாங்குகிற சூடு பிள்ளைத் தோலுக்குத் தாங்காது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்று, அப்புறம் வெந்நீர். குளித்ததும் வாளியைக் கவிழ்த்துவிடு. அரைச்சாண் தண்ணீரும் குழந்தை மூழ்கப் போதும்.

வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், அதை நம்பாதே. "அவங்க பாத்துக்கிறாங்கன்னு நெனச்சேன்" என்று அழாத தாய் எங்கள் வார்டில் குறைவு. யாரிடம் பிள்ளையை விடுகிறாயோ அவரிடம் வாய்விட்டுச் சொல்: "அண்ணி, நான் வர்ற வரைக்கும் நீங்கதான்."

கம்பி மத்தாப்பை விளையாட்டுப் பொருளாக நினைக்காதே. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். மத்தாப்பு எரிவது 1000 டிகிரிக்கு மேல். உன் பிள்ளை தூரத்திலிருந்து பார்த்தால் போதும். அணைந்த கம்பிகள் வெறுங்காலுக்குக் காத்திருக்கும், எல்லாம் தண்ணீர் வாளிக்குள் போகட்டும். பட்டுப்பாவாடை, நைலான் சட்டையெல்லாம் போட்டோவுக்கு மட்டும். வாசலுக்கு வரும்போது பருத்தி. பூஜையறைக் கற்பூரத்தை மேலே எடுத்து வை. கற்கண்டு என்று வாயில் போட்டால் வலிப்பே வரும்.

அப்படியும் சுட்டுவிட்டால், வளையல், அரைஞாணைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டு. ஐஸ் வேண்டாம். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. பெரிய காயம் என்றால் உடனே 108-ஐக் கூப்பிடு. அதற்குள் யாராவது பற்பசை, இங்க், மஞ்சள் என்று எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். பெரியவர்களே ஆனாலும் தடுத்துவிடு. கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல், நான் பேசிக்கொள்கிறேன்.

உன் பெரியம்மா