எண்ணி முடித்த பிறகு அடுத்த மேட்ச்

நியோ4ஜே என்ற கிராஃப் டேட்டாபேஸில் பழகிப் பார்ப்பதற்கென்றே ஒரு சினிமா டேட்டாபேஸ் உண்டு. அதில் டாம் ஹேங்க்ஸ் 12 படங்களில் நடித்திருக்கிறார். ‘தட் திங் யூ டூ’ என்ற ஒரே படத்தை இயக்கியிருக்கிறார். அவருடைய நோடிலிருந்து நடித்த படங்களுக்கு ஒரு ஆப்ஷனல் மேட்ச், அதன் கீழேயே இயக்கிய படங்களுக்கு இன்னொன்று, கடைசியில் இரண்டுக்கும் கவுண்ட் என்று எழுதிப் பாருங்கள். விடை 12, 12 என்று வரும். எர்ரர் எதுவும் காட்டாது.

சினிமாவில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எத்தனை ஆர்டர், எத்தனை புகார் என்று மேனேஜர் கேட்கும்போதும் இதே அமைப்பில்தான் கை போகும். 12 ஆர்டரும் 3 புகாரும் உள்ள ஒருவர் ரிப்போர்ட்டில் 36 ஆர்டர், 36 புகாரோடு நிற்பார். கிராஃப் டேட்டாபேஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் சரிசெய்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

காரணம் எளிது. நியோ4ஜேயின் குவெரி மொழியான சைஃபரில் ஒவ்வொரு கட்டளையும் மேலிருந்து வரும் ரோக்களை வாங்கி, ஒவ்வொரு ரோவுக்கும் ஒருமுறை ஓடும். டாம் ஹேங்க்ஸ் குவெரியில் முதல் மேட்ச் 12 ரோ கொடுத்துவிட்டது. இரண்டாவது மேட்ச் 12 முறை ஓடி, 12 முறையும் அதே படத்தைக் கொண்டுவந்து ஒட்டுகிறது. கவுண்ட் பாவம், வந்த ரோக்களை எண்ணிச் சொல்கிறது.

பலர் இங்கே டிஸ்டிங்ட் போட்டுத் தப்பிக்கப் பார்ப்பார்கள். எண்ணிக்கை சரியாகிவிடும். தொகையைக் கூட்டும்போது மாட்டிக்கொள்வீர்கள்: ஒரே வாடிக்கையாளருக்கு 500 ரூபாயில் இரண்டு பில் இருந்தால், சம் டிஸ்டிங்ட் இரண்டையும் ஒன்றாக்கி 500 என்றே சொல்லும். டிஸ்டிங்ட் பார்ப்பது மதிப்பை, பில்லை அல்ல. கணக்குப் பிரிவு கண்டுபிடிக்கும்வரை அந்தப் பிழை வெளியே தெரியாது.

சரியான வழி, இரண்டு மேட்சுக்கும் நடுவில் ஒரு வித் கட்டளை. முதல் மேட்ச் முடிந்ததும் நடிகரையும் படங்களின் எண்ணிக்கையையும் மட்டும் வித்தில் ஏற்றினால், 12 ரோவும் ஒன்றாகச் சுருங்கும். அடுத்த மேட்ச் அந்த ஒரு ரோவில் தொடங்கும். விடை 12, 1. எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் நியோ4ஜே 5-லிருந்து இன்னொரு வசதியும் இருக்கிறது: கவுண்ட் எழுதி, நெளி அடைப்புக்குள் பாதையைக் கொடுத்துவிடலாம். ரோ பெருகவே பெருகாது. நான் இதைத்தான் முதலில் முயல்வேன்.

எஸ்கியூஎல்லிலிருந்து வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சைஃபரில் குரூப் பை எழுதுவதில்லை. வித்திலோ ரிட்டர்னிலோ கவுண்ட், சம் போன்றவற்றுக்கு வெளியே நீங்கள் எழுதும் பெயர்கள் எல்லாமே குரூப்பாகிவிடும். ‘பின்னால் தேவைப்படும்’ என்று படத்தின் பெயரையும் சேர்த்து ஏற்றினால், படத்துக்கு ஒரு குரூப் உருவாகி, எல்லா எண்ணிக்கையும் 1 என்று வரும். படங்களும் வேண்டுமென்றால் கலெக்ட் போட்டு லிஸ்ட்டாக எடுத்துச் செல்லுங்கள். வித்தில் ஏற்றாத பெயர் அதற்குக் கீழே இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். ஹேவிங்கின் வேலையை, வித்தை ஒட்டி வரும் வேர் செய்துவிடும்.

கலெக்ட் போட்ட லிஸ்ட்டை அன்வைண்டில் மறுபடி பிரிக்கும்போது காலி லிஸ்ட் வந்தால், அந்த ரோவே மறைந்துவிடும். ஆர்டரே போடாத வாடிக்கையாளர்கள் ரிப்போர்ட்டில் காணாமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

சந்தேகம் வந்தால் குவெரிக்கு முன்னால் ப்ரொஃபைல் என்று சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் எத்தனை ரோ வெளியே வந்தது என்று காட்டும். எண் திடீரென்று பெருகும் இடத்துக்கு முன்னால் வித் வர வேண்டும். புதியவர் எழுதிய குவெரியை ரிவ்யூ செய்யும்போது நான் முதலில் பார்ப்பது இந்த ப்ரொஃபைலைத்தான். நேரமும் மிச்சம், வாக்குவாதமும் மிச்சம்.

இதைக் கற்பது ஒரு நிறுவனத்தின் மென்பொருளோடு முடிந்துவிடாது. அமேசான் நெப்டியூன், மெம்கிராஃப் ஆகியவற்றிலும் சைஃபர் ஓடும். 2024 ஏப்ரலில் ஐஎஸ்ஓ வெளியிட்ட ஜிகியூஎல் தரம் சைஃபரை ஒட்டியே நடக்கிறது. அதில் படிகளைக் கோக்க நெக்ஸ்ட் உண்டு, குரூப் பையையும் வெளிப்படையாக எழுதலாம். சொற்கள் மாறினாலும் ரோக் கணக்கு அதேதான்.

நேர்காணலுக்குப் போகும் முன் அந்தச் சினிமா டேட்டாபேஸில் ஒரு குவெரி எழுதிப் பழகுங்கள்: ஒவ்வொரு இயக்குநருக்கும் அவர் இயக்கிய படங்கள் எத்தனை, அவற்றில் நடித்த வெவ்வேறு நடிகர்கள் எத்தனை, அவர் தானே நடித்த படங்கள் எத்தனை. ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் எத்தனை ரோ இருக்கும் என்று முதலில் தாளில் எழுதிவிட்டு, பிறகு ப்ரொஃபைலோடு ஒப்பிடுங்கள்.