ஈயம் இரண்டு

சென்ற ஐப்பசியில் தேர் பார்க்கக் கல்பாத்தி சென்றிருந்தேன். வீட்டு இன்வெர்ட்டரின் பழைய பாட்டரியை இருவர் திணறிக்கொண்டே தூக்கிச் சென்றனர். "உள்ளே எல்லாம் ஈயம், அதான் இந்தக் கனம்" என்றார் ஒருவர். பாட்டி அடுக்களைப் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, நான் ரசம் வைக்கற ஈயமும் இதுவும் ஒண்ணா?"

நண்பர்களே, வம்பு பெயரில் இருக்கிறது. தமிழில் ஈயம் இரண்டு: வெள்ளீயம், காரீயம். இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் வார்க்கப்படுவது. புளியின் அமிலம் அதை எளிதில் அரிப்பதில்லை. ஆனால் 232 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகிவிடும். உள்ளே புளிநீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால்தான் சொம்பு அடுப்பில் பிழைக்கிறது. வெறுஞ்சொம்பை அடுப்பிலேற்றிய மருமகளின் கதை எங்கள் கிராமத்தில் வீட்டுக்கு ஒன்று உண்டு.

பாட்டரியில் இருப்பதோ காரீயம். காரீயத் தகடும் காரீய டையாக்சைடுத் தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் நிற்கும்; அறை ஒன்றுக்கு ஏறத்தாழ 2 வோல்ட், ஆறு அறைக்கு 12. மின்சாரம் தரும்போது இரண்டு தகடுகளும் காரீய சல்பேட்டாகும். மின்னேற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும். சாதாரண டார்ச் செல்லுக்கு இவ்வசதி இல்லை. அதன் துத்தநாகக் கூடே கரைந்து தீர்கிறது. பழைய செல் கசிவது அதனால்தான்.

காரீயம் புளியில் மெல்லக் கரையும். சிறுகச் சிறுக உடலில் சேர்ந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய பாட்டரியைக் குப்பையில் போடாமல் சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டுமென 2022ஆம் ஆண்டு விதிகள் கூறுவதும் இதனாலேயே.

விலை மலிந்த காரீயத்தை வெள்ளீயத்தோடு கலந்து வார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. பாட்டியின் சொம்பில் அது இருந்தால்? சிறுவயது முதல் நான் உண்டது அந்த ரசந்தானே!

அடர்த்தி பார்த்தேன். ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளீயம் 7.3 கிராம், காரீயம் 11.3. சொம்பின் எடை 600 கிராம். நீர் ததும்பும் வாளியில் அமிழ்த்தியபோது வழிந்தது 80 மில்லிலிட்டர். ஆக 7.5.

"ஏழரையா!" என்று பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சனி நினைவு!

2 மில்லிலிட்டர் தரையில் சிந்தியிருந்தால் சரியான விடை 7.3. சிந்தாவிட்டால் சிறிது காரீயம் கலந்திருக்கிறது. வாளி முறைக்கு இதற்கு மேல் நுட்பம் கிடையாது. எனவே சொம்பின் அடியில் சுரண்டிய துகளைக் காகிதத்தில் பொதிந்து இங்கே ஆய்வகத்திற்குக் கொண்டுவந்திருக்கிறேன். வீட்டில் ரசம் இப்போது எவர்சில்வரில் கொதிக்கிறது. வாசனையே இல்லை என்று வாரந்தோறும் தொலைபேசியில் பாட்டியின் புகார்.