குழந்தை காட்டும் வழியில் நீங்கள் போங்கள்!

ரெண்டரை வயசுப் பிள்ளை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. முகம் பார்ப்பதில்லை. பொம்மைக் காரின் சக்கரத்தையே மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "அவங்கப்பாவும் மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்று பாட்டி சமாதானம் சொல்கிறார். நீங்களும் காத்திருக்கிறீர்கள்.

காத்திருக்காதீர்கள்! முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று பரிசோதனை செய்யுங்கள். கூடவே, 'ஆட்டிஸமாக இருக்குமா டாக்டர்?' என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

'ஆமாம்' என்று பதில் வந்தால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். தாயத்து, டானிக், ஏகப்பட்ட செலவில் ஏதோ ஒரு மெஷின்... பணம் போனால் சம்பாதிக்கலாம். பிள்ளையின் இந்த வயசு திரும்ப வராது. அதனால், சோதித்துப் பார்த்த சிகிச்சையைத் தேடுங்கள்.

அதென்ன சோதனை? சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி குழந்தைகளை இரண்டு பிரிவாக்குவார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு புதுப் பயிற்சியும் உண்டு. கடைசியில் இரண்டையும் ஒப்பிடுவார்கள்.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயது வரையுள்ள 65 ஆட்டிஸக் குழந்தைகளிடம் இப்படிச் செய்தார்கள். முடிவு 2016-ல் வெளியானது. இங்கிலாந்தில் பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் செய்த முறைதான். இங்கே நிபுணர்கள் குறைவு என்பதால், சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்கே கற்றுக்கொடுத்தார்கள்.

மந்திரமெல்லாம் இல்லை. அம்மா பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுப்பார்கள். பிறகு இருவரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிள்ளை கவனிக்கிற பொருளைப் பற்றியே அம்மா பேசிய இடத்தில் நிறுத்தி, "இதேதாம்மா, இப்படியே செய்யுங்க" என்பார் பணியாளர். ஆறு மாதத்தில் 12 முறை. மற்ற நாட்களில் வீட்டிலேயே பழக வேண்டும்.

பலன்? பெற்றோர் பிள்ளையின் போக்கில் போகக் கற்றார்கள். பிள்ளைகள் தாங்களாகவே பேச்சுக்கும் விளையாட்டுக்கும் அழைப்பது கூடியது. ஆனால், இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் கூடவில்லை, குறைந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். நம்பலாம் என்பதற்கு அதுவே அடையாளம்! ஆட்டிஸத்தை அடியோடு போக்கிவிடுவதாக அவர்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

எந்த சென்டருக்குப் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. இந்த முறையை என் பிள்ளை மாதிரிக் குழந்தைகளிடம் சோதித்திருக்கிறார்களா?

2. பயிற்சி தருகிறவரை மேற்பார்வை செய்யும் நிபுணர் யார்?

3. வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?

மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் யோசியுங்கள்.

இன்று சாயங்காலமே தரையில் பிள்ளைக்கு எதிரே உட்காருங்கள். காரைப் பிடுங்காதீர்கள். "இது என்ன கலர்?" என்று கேள்வி கேட்டுத் துளைக்காதீர்கள். சக்கரம் சுற்றும்போது "சுத்துது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள், பிள்ளை நிமிர்ந்து பார்க்கும் வரை.

காத்திருக்க வேண்டியது இங்கேதான்!