பந்தயக் கார் கார்புரேட்டர்: முதலில் அழுத்தம், பிறகு ஜெட்

பெங்களூரில் வாழும் நம் குடும்பப் பிள்ளைகளில் சிலர், பழைய கார்களைப் பந்தயத்துக்குத் தயார் செய்து, 1990 முதல் இயங்கிவரும் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்துக்குக் கொண்டு போகிறார்கள். "இங்கே நன்றாக ஓடிய என்ஜின் அங்கே ஏன் சூடேறித் திணறுகிறது?" என்று என்னிடம் கேட்பதுண்டு. பல ஆண்டுகள் இந்த வேலையில் கைபழகியவன் என்ற முறையில் அதையே ஒரு பாடமாகத் தருகிறேன். பந்தயக் கார்களில் பரவலாகப் பொருத்தப்படும் வெபர் டி.சி.ஓ.இ. கார்புரேட்டரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங் இரண்டும் சரியாக இருந்தால்தான் கார்புரேட்டரைத் தொட வேண்டும். அதன் பிறகு வரிசை மாறக் கூடாது.

முதற்படி, பெட்ரோல் அழுத்தம். மாடித் தொட்டியில் மிதவைப் பந்து மேலே வந்து தண்ணீரை அடைக்கிறதல்லவா? கார்புரேட்டரிலும் ஒரு மிதவை, ஊசி வால்வை அடைக்கிறது. பம்ப் தள்ளும் வேகம் மிகுந்தால் மிதவையால் தடுக்க இயலாது. பெட்ரோல் வழிந்து, சூடான எக்ஸாஸ்ட் குழாயில் சொட்டினால் தீப்பிடிக்கும். வெபருக்குச் சுமார் 3 பி.எஸ்.ஐ. போதும். ரெகுலேட்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே கேஜை மாட்டி அளவிடுங்கள்.

ஐடிலில் 3 காட்டுவது மட்டும் போதாது. நேர்ப்பாதையின் முடிவில், முழு ஆக்சிலரேட்டரில் என்ன காட்டுகிறது என்பதே முக்கியம். அங்கே முள் இறங்கினால் ரெகுலேட்டரை முறுக்காதீர்கள். அடைத்த ஃபில்டர், ஒல்லியான குழாய், டேங்க் மூடியில் அடைபட்ட காற்றுத் துளை, களைத்த பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இரண்டாவது, மிதவை மட்டம். அந்த மாடலுக்குரிய அளவை ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள்.

மூன்றாவது, ஐடில். என்ஜின் நன்கு சூடான பின், எல்லாத் தொண்டைகளும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி சமன் செய்து, பிறகே மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருப்புங்கள்.

நான்காவது, மெயின் ஜெட். வெபர் ஜெட்டில் 130 என்றால் துளை 1.30 மில்லிமீட்டர். 32 மில்லிமீட்டர் சோக்குக்கு நான்கால் பெருக்கி, 130 மெயின் ஜெட்டில் தொடங்கலாம். ஏர் ஜெட் 180. பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். முழு வலுவுக்கு 12.5 முதல் 13 பங்கு காற்றே போதும்.

சோதிக்கும் முறை இது: பின்னால் வண்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டி, கிளட்சை மிதித்து அதே நொடியில் கட்-ஆஃப் சுவிட்சை அணையுங்கள். சாவியைத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். இளம்பழுப்பு நல்லது; கரி படிந்தால் பெட்ரோல் அதிகம்; வெளுத்திருந்தால் குறைவு. 2000இல் ஈயமற்ற பெட்ரோல் நாடெங்கும் வந்தபின் நிறம் மங்கலாகவே தெரிகிறது. ஆகவே வசதியுள்ளவர்கள் ஆக்சிஜன் சென்சாரும் மாட்டிக்கொள்ளலாம்.

இப்போது கேள்விக்கு வருவோம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். வெப்பம் ஒன்றாக இருந்தால், இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவு. கீழே இறங்கியதும் என்ஜினுக்குள் காற்று கூடுகிறது. பெட்ரோல் அதே விகிதத்தில் கூடுவதில்லை. கலவை மெலிகிறது. கரிப்புகை கண்ணுக்குத் தெரியும். மெலிந்த கலவையோ சத்தமில்லாமல் பிஸ்டனில் ஓட்டை போட்டுவிடும். ஆகவே அங்கே 135 ஜெட்டில் தொடங்கி, பிளக்கைப் பார்த்துத் தேவையானால் 130க்கு இறங்குங்கள். பெரிதிலிருந்து சிறிதுக்கு வருவதே பாதுகாப்பு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அன்றைய வெப்பத்தோடு நோட்டில் எழுதுங்கள். தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இவ்விரண்டையும் பெற்றோர்களும் விடாமல் கேட்டு வாங்க வேண்டும்.