கார் உலர்த்தும் புளோயர்: வாங்கலாமா, பொறுக்கலாமா?

ஃபோம் அடித்து, பிரஷர் தண்ணீரில் கழுவி, துடைத்து, பளபளவென்று சாவியைக் கையில் கொடுத்தாயிற்று. வண்டி கேட்டைத் தாண்டி வேகத்தடையில் ஏறி இறங்குகிறது. சைடு மிரருக்குள் தேங்கியிருந்த தண்ணீர் அந்தக் குலுக்கலில் வெளியே வந்து, கதவின் மேல் அழுக்குக் கோடாக வழிகிறது. பெட்ரோல் மூடிக்குக் கீழே இன்னொன்று. நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலிருந்து இன்னொன்று. வீட்டு வாசலில் இறங்கும் வாடிக்கையாளர் கண்ணில் முதலில் படுவது இந்தக் கோடுகள்தான். முக்கால் மணி நேரம் நீங்கள் பட்ட பாடு அப்புறம்தான் தெரியும், தெரிந்தால்.

வாட்டர் வாஷ் கடைக்காரர்கள் "காத்து மெஷின் ஒண்ணு வாங்கிடலாமா?" என்று யோசிக்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான். கேள்வி நியாயமானது. வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் அது உங்கள் கடைக்கு மூன்றாவதாக வரவேண்டிய பொருள். முதலில் தண்ணீர், அடுத்து துணி, அதன் பிறகு காற்று. இந்த வரிசையை மாற்றியவர்களின் கடைகளில் புளோயர் மூலையில் தூசி படிந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

வண்டி மேல் நிற்கும் துளிக்கு இரண்டே வழிதான். ஆவியாகும், இல்லையென்றால் உருண்டு விழும். ஆவியானால் தண்ணீர் மட்டும்தான் போகும். அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் உப்பும் பெயின்ட்டிலேயே தங்கிவிடும். உருண்டு விழுந்தால் உப்பும் கூடவே போய்விடும். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 1500 காட்டும் போர் தண்ணீர் ஒரு லிட்டர் காய்ந்தால் ஒன்றரை கிராம் உப்பு மிஞ்சுகிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம். நம் ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீர் 500-ஐ எளிதாகத் தாண்டிவிடும். கறுப்பு வண்டி, மதிய வெயில், உப்புத் தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் பானெட்டில் வட்ட வட்டமாக வெள்ளைத் தடம் விழும். அன்றைக்கே துடைத்தால் போகும். வெயிலில் நாள்கணக்கில் விட்டால் பெயின்ட்டின் மேலிருக்கும் கிளியர் கோட்டை அரித்து உட்கார்ந்துவிடும்; அப்புறம் பாலிஷ் மெஷின்தான் கதி.

இதைப் புரிந்துகொண்டால் மெஷின் விற்பவரிடம் பலரும் கேட்கும் முதல் கேள்வி எவ்வளவு தவறான கேள்வி என்று தெரியும். "சூடான காத்து வருமா?" என்று கேட்கிறார்கள். சூடு துளியை அங்கேயே ஆவியாக்கத்தான் உதவும். நமக்கு வேண்டியது துளியைத் தள்ளிவிடும் வேகம். மோட்டார் ஓடும் சூட்டிலேயே காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாகத்தான் வரும். அது போதும், அதற்கு மேல் ஹீட்டர் வைத்த மாடலுக்குத் தமிழ்நாட்டு வெயிலில் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே புளோயர் விலையை விசாரிக்கும் முன் சில நூறு ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி உங்கள் தொட்டித் தண்ணீரை அளந்து பாருங்கள். அளவு அதிகம் என்றால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆர்ஓ தண்ணீரோ, சேமித்த மழைநீரோ கிடைக்குமா என்று பாருங்கள். சாஃப்ட்னர் போட்டால் டிடிஎஸ் இறங்கும் என்று சிலர் நம்புகிறார்கள். இறங்காது. அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. தடம் விழத்தான் செய்யும். ஈரத் துணியில் சுலபமாகப் போய்விடும் என்பது லாபம். அந்த லாபமே பெரிய லாபம்தான்.

அடுத்தது துணி. திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைக்க அருமையான பொருள். பெயின்ட்டைத் துடைக்க அதை எடுக்காதீர்கள். தையலும் நூல் முடிச்சும் உள்ள துணி, ஒட்டியிருக்கும் மண் துகளைப் பெயின்ட் முழுக்க இழுத்துக்கொண்டு போகும். கிளியர் கோட்டின் தடிமன் சுமார் 40, 50 மைக்ரான்தான்; தலைமுடியைவிட மெல்லியது. வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை போலத் தெரியும் கீறல்கள் பெரும்பாலும் அப்படித் துடைத்து வந்தவைதான். 1000 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட முறுக்கு இழை மைக்ரோஃபைபர் டவல் நல்லதாக நான்கு வாங்குங்கள். தனியாகத் துவையுங்கள், கம்ஃபர்ட் மாதிரி கண்டிஷனர் போடாதீர்கள். போட்டால் தண்ணீர் உறிஞ்சாது. பெயின்ட்டுக்கு ஒரு நிறம், வீலுக்கு இன்னொரு நிறம் என்று பிரித்துவிடுங்கள்.

இந்த இரண்டும் சரியாக இருக்கிறது, இனி காற்றுக்கு வரலாம் என்றால், யார் வாங்க வேண்டும்?

ஒரு மக் தண்ணீரை எடுத்து உங்கள் கடைக்கு வரும் வண்டிகளின் பானெட்டில் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் அதில் வாக்ஸோ செராமிக் கோட்டிங்கோ உயிரோடு இருக்கிறது. புளோயர் அங்கே அற்புதமாக வேலை செய்யும். கை படாமலே பானெட் காய்ந்துவிடும், கீறலுக்கு வழியே இல்லை. தண்ணீர் தகடு போலப் பரவி ஒட்டிக்கொண்டு நின்றால் கதை வேறு. எத்தனை வேகத்தில் அடித்தாலும் ஈரம் அங்கும் இங்கும் ஊர்ந்துகொண்டேயிருக்கும், கடைசியில் டவலைத்தான் எடுக்க வேண்டும். உங்களிடம் வருவது பெரும்பாலும் டாக்ஸி, டிராவல்ஸ், எட்டு வயது பத்து வயது வண்டிகள் என்றால் புளோயர் இடுக்குகளுக்கு மட்டும்தான் பயன்படும். அதற்குச் சின்ன மெஷின் போதும். கோட்டிங் வேலை எடுக்கும் கடை என்றால் பெரியது இல்லாமல் தொழில் செய்யக் கூடாது என்றே சொல்வேன். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு கோட்டிங் போட்ட வண்டியை, பராமரிப்பு வாஷுக்கு வரும்போது தேய்த்துத் துடைப்பது அந்த வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம்.

பைக் நிறைய வரும் கடைக்கும் இது பெரிய உதவி. இன்ஜின் ஃபின், செயின், ஹேண்டில் பார் சுவிட்ச், ஸ்பார்க் பிளக் குழி என்று துணி நுழையாத இடங்கள்தான் பைக்கில் அதிகம். கழுவிய உடனே பைக் ஸ்டார்ட் ஆகாமல் வாடிக்கையாளர் கிக்கரை உதைத்துக்கொண்டிருக்கும் காட்சி இரண்டு நிமிடக் காற்றில் தீர்ந்துபோகும்.

"எங்ககிட்டதான் கம்ப்ரசர் இருக்கே, அதுல அடிச்சா ஆகாதா?" ஆகும், ஓரளவுக்கு. கம்ப்ரசர் அதிக அழுத்தத்தில் கொஞ்சம் காற்றைத் தரும்; புளோயர் குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றைத் தரும். மிரர் இடுக்குக்கு ஏர் கன் நல்லது. அதை வைத்துக் கூரை முழுக்க உலர்த்தப் பார்த்தால் டேங்க் காலியாகி மோட்டார் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் எகிறும். இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றை அழுத்தும்போது அதிலிருக்கும் ஈரம் டேங்குக்குள் தண்ணீராக இறங்குகிறது. பிஸ்டன் ஆயிலும் துளித் துளியாகக் கலக்கிறது. டேங்க்கைத் தினமும் வடிக்காத, ஃபில்டர் வைக்காத கம்ப்ரசர் கழுவிய வண்டி மேல் எண்ணெய்த் தூறல் போட்டுவிடும். இப்போதைக்குக் கம்ப்ரசரை வைத்துச் சமாளிக்கிறீர்கள் என்றால் ஈரம் பிரிக்கும் ஃபில்டரை மாட்டிவிட்டு, இடுக்குகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

விளம்பரத்தில் போடும் ஹெச்பி

இந்தத் துறையில் பெயர் வாங்கிய அமெரிக்க மெஷின் ஒன்று மெட்ரோவாக் நிறுவனத்தின் மாஸ்டர் பிளாஸ்டர். இரண்டு மோட்டார், 8 ஹெச்பி என்று விற்கிறார்கள். நல்ல மெஷின்தான், ஆனால் அந்த எட்டு 'பீக்' ஹெச்பி. தொடர்ந்து கிடைக்கும் சக்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்கு எளிது. ஒரு ஹெச்பி என்பது 746 வாட்ஸ். நம் வீட்டு 16 ஆம்பியர் பவர் பிளக்கில் 230 வோல்ட்டில் அதிகபட்சம் 3680 வாட்ஸ்தான் எடுக்கலாம். ஐந்து ஹெச்பிகூட முழுதாக வராது. அமெரிக்காவின் 120 வோல்ட், 20 ஆம்பியர் பிளக்கில் இன்னும் குறைவு. எனவே எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஹெச்பியை விட்டுவிட்டு, பின்பக்க ஸ்டிக்கரில் வாட்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். 120 வோல்ட்டுக்குச் செய்த மெஷினை வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தருகிறார் என்றால் அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

600, 800 வாட்ஸ் கை புளோயர் கம்ப்யூட்டர் தூசி தட்ட வந்த பொருள். கார் இடுக்குக்கும் பைக்குக்கும் போதும், முழு உடலுக்குப் போதாது. பேட்டரியில் ஓடுபவை கைக்கு வசதி. ஆனால் முழு வேகத்தில் வைத்தால் சில நிமிடங்களிலேயே சார்ஜ் இறங்கத் தொடங்கும், நாளெல்லாம் ஓடும் கடைக்கு மாற்று பேட்டரிகளுக்கே மெஷின் விலை ஆகிவிடும். நீளமான ஹோஸ், காற்று உள்ளே போகும் இடத்தில் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர், பெயின்ட்டில் பட்டாலும் கீறாத ரப்பர் மூக்கு, இரண்டு வேகம். இவை இருந்தால் மற்றதெல்லாம் அலங்காரம்.

பணக் கணக்குக்கு வருவோம். மெஷின் 20,000 ரூபாய், இரண்டு வருடத்தில் 600 வேலை நாள் ஓடும், நாளுக்கு எட்டு கார் என்று வைத்துக்கொண்டால் ஒரு காருக்குச் சுமார் நான்கு ரூபாய் விழுகிறது. 2000 வாட்ஸ் மெஷின் எட்டு நிமிடம் ஓடினால் கால் யூனிட்டுக்குச் சற்று மேல். யூனிட் 10 ரூபாய் என்றால் மூன்று ரூபாய்க்குள். மொத்தம் காருக்கு ஏழு ரூபாய். சொற்பம்தான். ஆனால் வரவுப் பக்கத்தை நேர்மையாகப் போடுங்கள். காருக்கு ஐந்து நிமிடம் மிச்சமானால் நாளுக்கு நாற்பது நிமிடம், இன்னொரு கார் கழுவலாம் என்று விற்பவர் சொல்வார். அந்த இன்னொரு கார் வாசலில் வரிசையில் நின்றால் மட்டுமே அது காசு. ஞாயிறு தவிர மற்ற நாள் உங்கள் வாஷ் பே காலியாக இருக்கிறது என்றால் மிச்சமான நாற்பது நிமிடம் டீக்கடையில்தான் போகும். அப்படிப்பட்ட கடை இதற்காகக் கடன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். முத்ரா ஷிஷு கடன் 50,000 வரை கிடைக்கிறது என்பதற்காக அதை இதில் போடாதீர்கள்; தரைக்கும் தண்ணீருக்கும் போடுங்கள். மண் தரையில் புளோயர் அடித்தால் எழும் புழுதி ஈர வண்டியிலேயே ஒட்டும், அதன் மேல் டவல் ஓடும். முதலில் சிமென்ட் தரை.

நீங்கள் கடைக்காரர் இல்லை, அங்கே வேலை பார்ப்பவர் என்றால்? முதலாளியிடம் "மெஷின் வாங்குங்க" என்று மொட்டையாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதிலோடு முடிந்துவிடும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்த வண்டி எத்தனை மணிக்குக் கழுவி முடிந்தது, எப்போது டெலிவரி ஆனது, எதற்காகத் திரும்பி வந்தது. பிறகு, "அண்ணே, இந்த வாரம் மட்டும் மிரர் தண்ணி வழிஞ்சு ஆறு வண்டி திரும்பி வந்திருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பத்து நிமிஷம் போச்சு" என்று நோட்டைக் காட்டிப் பேசுங்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அந்த நோட்டு உங்களை வெறும் துடைக்கும் ஆளாகப் பார்க்கவிடாது. நாளை நீங்களே ஒரு கடை போடும்போது தேவைப்படும் பழக்கமும் அதுதான்.

மெஷின் வந்த பிறகு பெரும்பாலானோர் பானெட்டின் நடுவிலிருந்து தொடங்குகிறார்கள். கூரையிலிருந்து தொடங்குங்கள். கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, அப்புறம் பக்கவாட்டு. மேலே ஈரம் இருக்கும்போது கீழே உலர்த்தினால் அத்தனையும் திரும்ப நனையும். மூக்கை நேராகக் குத்திப் பிடிக்காமல் சாய்த்து, ஒரு சாண் தள்ளி, தண்ணீரைச் சரிவு பார்த்துத் துரத்துங்கள். மிரரை மடக்கி ஒருமுறை, விரித்து ஒருமுறை அடியுங்கள். கதவுக் கைப்பிடிக்குள், பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே, டெயில் லேம்ப் ஓரம், கிரில், கம்பெனி சின்னம், வீல் நட்டுக் குழி. கதவு பீடிங்குக்கு அடிக்கும்போது காற்று சீட்டுப் பக்கம் போகாமல் வெளிப்பக்கம் திருப்புங்கள். சேறு சரியாகப் போகாத பேனலில் காற்றடிக்கவே கூடாது, திரும்பக் கழுவுங்கள். எல்லாம் முடிந்து டவலால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் வேலை முடிந்தது.

காதையும் கவனியுங்கள். இந்த மெஷின்கள் இரைச்சல் போடுபவை. நாளுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் கேட்டால் காது கெடும் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வரம்பு வைத்திருக்கிறது. புளோயர் பிடிக்கும் தம்பிக்கு இயர் மஃப் வாங்கிக் கொடுப்பது கடைக்காரரின் கடமை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்லும் அளவு. காலை ஆறு மணிக்கே கடை திறப்பவர்கள் பக்கத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். அபார்ட்மென்ட்டில் சொந்தக் கார் ஒன்றைக் கழுவுபவருக்கு நல்ல டவல் இரண்டே போதும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈரத் தரையில் மின்சாரம். இதில் சமரசமே கூடாது. சரியான எர்த், மின்கசிவு வந்தால் துண்டித்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, தரையில் கிடக்காமல் மேலே தொங்கும் ஒயர், மெஷினுக்குச் சுவரில் ஸ்டாண்டு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும் கடையில் புளோயர் வாங்கும் பணத்தில் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வாங்கப் போகும்போது உங்கள் வண்டியையோ நண்பர் வண்டியையோ நனைத்துக் காட்டி அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடியாது என்பவரிடம் வாங்காதீர்கள். அடித்து முடித்த இடத்தில் உலர்ந்த டவலை ஒற்றினால் எவ்வளவு ஈரம் ஏறுகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் விடாமல் ஓடவிட்டு மோட்டார் சூட்டையும், கருகும் வாடை வருகிறதா என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலான மாடல்களில் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் இருக்கும், அது தேயும். உங்கள் ஊரிலேயே அது கிடைக்குமா, யார் மாற்றித் தருவார்கள் என்று விசாரித்துவிட்டு, வாட்ஸும் வாரண்டி மாதமும் எழுதிய பில்லை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.