டிராக்டர் கிளட்ச் மாற்ற இரு எளிய கருவிகள்

புரட்டாசி உழவு நேரத்தில் கிளட்ச் வழுக்கினால், ஐப்பசி மழைக்கு முன் விதைப்பு முடியாது. சாயர்புரம் பகுதி மானாவாரி விவசாயிகள் அறிந்த தொல்லைதான் இது. ஒற்றைக் கிளட்ச் டிராக்டராக இருந்தால், பழகிய கை ஒன்று துணையிருக்க நாமே மாற்றலாம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் கனத்த கட்டைகளை முட்டுக் கொடுத்தபிறகே வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பழைய பிளேட்டின் தூசியில் கல்நார் இருக்கக்கூடும்; ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

புது பிளேட்டை மையத்தில் நிறுத்துவதுதான் பாடு. மையம் தவறினால் கியர்பெட்டித் தண்டு நுழையாது. காய்ந்த, நேரான வேலிக்கருவைக் கட்டையைக் கடைந்து வாங்குங்கள். அதன் முனை பிளைவீல் நடுவிலுள்ள சிறு பேரிங்கிலும், பின்பகுதி பிளேட்டின் பல்துளையிலும் ஆட்டமின்றிச் சேர வேண்டும். மெலிந்துவிட்டால் இன்சுலேஷன் டேப் சுற்றலாம். (அதே வண்டியின் பழைய கியர்பெட்டித் தண்டு கிடைத்தால் மரமே வேண்டாம்.) பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்கி முடித்தபின் கட்டையை உருவுங்கள்.

அடுத்தது, அதே மரையுள்ள இரண்டு நீண்ட போல்ட்டுகள். தலையை அறுத்து, அறுத்த முனையில் ரம்பத்தால் ஒரு வெட்டு விட்டால் பிறகு திருப்புளியால் கழற்றலாம். எஞ்சினின் இருபுறமும் இவற்றைப் பொருத்தினால் கியர்பெட்டி நேராக வந்து சேரும். இவை வழிகாட்டத்தான், பாரம் தாங்க அல்ல. பெட்டி பிளேட்டில் தொங்கினால் பிளேட் வளைந்துவிடும். இடைவெளி நின்றால் போல்ட் முடுக்கி இழுக்காதீர்கள், உறை விரிசல் விடும். பிளைவீலைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள், பல் சேர்ந்துகொள்ளும்.