ஏசி போட்டா கார் ஏன் நடுங்குது?

அப்பா டாக்ஸி ஓட்டுகிறார். பெட்ரோல் வண்டி. போன மே மாதம், ஏசி போட்டு சிக்னலில் நின்றாலே வண்டி உதற ஆரம்பித்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில், "கம்ப்ரஸர் போயிடுச்சு, மாத்தணும், இருபதாயிரத்துக்கு மேல ஆகும்" என்றார்கள். அப்பா போனில், "நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? வந்து பாருப்பா" என்றார். ஐசி இன்ஜின் பேப்பரில் பாஸான எனக்கு அன்றுதான் உண்மையான எக்ஸாம்.

முதலில் பேசிக்ஸ். ஐடிலில் இன்ஜின் சுமார் 700-800 ஆர்பிஎம்மில் சுற்றும். அப்போது அது தரும் பவர் ரொம்பக் கம்மி. ஏசி போட்டதும் கம்ப்ரஸர் பெல்ட் வழியாக அதில் ஒரு பங்கை இழுக்கும். அதை ஈடுகட்ட ஈசியு காற்றைக் கூட்டிவிடும். ஆக, நடுக்கத்துக்கு மூன்று வழிதான்: லோடு அதிகம், இன்ஜினால் ஈடுகொடுக்க முடியவில்லை, அல்லது அதிர்வைத் தாங்கும் இன்ஜின் மவுண்ட் போய்விட்டது.

எதுன்னு இப்படிப் பிரிக்கலாம்:

1. ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க. முள் அசையாமல் நிற்கிறது, ஆனா பாடி நடுங்குதுன்னா மவுண்டைச் சந்தேகப்படுங்க.

2. ஏசியை ஆஃப் பண்ணிட்டு ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் போடுங்க. அப்பவும் முள் இறங்கினா கோளாறு இன்ஜின் பக்கம்.

3. ஏசி ஓடும்போது கண்டன்ஸர் ஃபேன் சுற்றுதா? ஃபேன் நின்றாலோ, கண்டன்ஸரில் தூசி அடைத்தாலோ, கேஸ் அதிகமா ஏற்றியிருந்தாலோ பிரஷர் ஏறி கம்ப்ரஸர் லோடு கூடும்.

4. ஸ்கேனர் போடுங்க. ஃப்யூயல் ட்ரிம் ஐடிலில் ப்ளஸ்ஸில் அதிகமா இருந்து, 2500 ஆர்பிஎம்மில் நார்மலுக்கு வந்தா வாக்யூம் லீக் இருக்கலாம். மிஸ்ஃபயர் கோடு வந்தா ப்ளக், காயிலைப் பாருங்க.

எங்க வண்டியில் ஏசி போட்டதும் முள் 550க்கு இறங்கியது. ஏசி இல்லாம லைட், ப்ளோயர் போட்டப்பவும் இறங்கியது. ஃபேன் சுற்றியது, ட்ரிம் நார்மல், கோடு இல்லை. மிச்சம் த்ராட்டில் பாடி. கழற்றிப் பார்த்தால் பிளேட்டின் விளிம்பைச் சுற்றிக் கரி. ஐடிலில் காற்று போவதே அந்த மெல்லிய இடைவெளியில்தான்! இத்தனை நாள் ஈசியு பிளேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து சமாளித்திருக்கிறது. ஏசி லோடு வந்தபோது அது போதவில்லை.

த்ராட்டில் பாடி க்ளீனரும் துணியும் போதும். ஆனால் எலக்ட்ரானிக் த்ராட்டில் பிளேட்டை விரலால் தள்ளாதீங்க, உள்ளே இருக்கும் கியர் கெட்டுவிடலாம். நான் தள்ளப் போய், கடைசி நொடியில் கையை எடுத்தேன். மாட்டியதும் ஐடில் 1200க்கு எகிறியது. பயந்துட்டேன். ஈசியு இன்னும் பழைய அளவுக்கே பிளேட்டைத் திறந்துகொண்டிருந்தது. ஸ்கேனரில் ஐடில் ரீலேர்ன் கொடுத்ததும் 750ல் நின்றது.

மறுநாள் மதியம் சிக்னலில் நின்றோம், ஏசி ஃபுல்லில். அப்பா டேஷ்போர்டில் இருந்த தண்ணி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணி ஆடவில்லை. "கம்ப்ரஸர் நல்லாத்தான்டா இருக்கு" என்றார்.